மாவுக் கடை போடும் முன் எதிர்க்கடையைப் படிப்பது எப்படி?

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "எங்க ஏரியாவில் போட்டியே இல்லை சார்" என்பது ஒன்று. "கடை நிறைய இருக்கு, ஆனா எவனுக்கும் ஒழுங்கா பண்ணத் தெரியலை" என்பது இன்னொன்று. எதைக் கேட்டாலும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். முதல் ஆள் சுற்றிப் பார்க்கவே இல்லை. இரண்டாம் ஆள் பார்த்திருக்கிறார், ஏன் என்று கேட்கவில்லை. பல வருடமாக ஒரே இடத்தில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் செய்யும் ஒரு காரியம் நமக்கு முட்டாள்தனமாகத் தெரிந்தால், நமக்குத் தெரியாத காரணம் ஒன்று அதற்குள் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் போட்டியாளரைப் படிப்பது. தேடிப் பார்த்தும் காரணம் கிடைக்காமல், வெறும் பழக்கத்தால் அவர் செய்துகொண்டிருக்கும் ஒன்றிரண்டு விஷயங்கள் மிஞ்சும். உங்களுக்கான இடம் அங்கேதான்.

இதை எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகச் சொன்னால் உபதேசம் ஆகிவிடும். அதனால் இட்லி மாவுத் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் குறைந்த முதலில் தொடங்கலாம் என்று பலரும் இறங்குவதும் இதில்தான், ஆறு மாதத்தில் கிரைண்டரை விற்க ஆள் தேடுவதும் இதில்தான். நீங்கள் போடப்போவது தையல் கடையோ, மொபைல் சர்வீஸோ, வேறு எதுவோ, வழி இதேதான்.

முதல் வேலை: யார் போட்டி என்று எழுதுங்கள்

ஒரு நோட்டில் 'என் மாவை வாங்காத குடும்பம் இன்று இரவு என்ன சாப்பிடும்?' என்று எழுதிவிட்டு யோசியுங்கள். தெருமுனை மாவுக் கடை முதலில் வரும். அப்புறம் அண்ணாச்சி கடை வாசலில் ரப்பர் பேண்ட் போட்ட கவரில் தொங்கும் மாவு. சூப்பர் மார்க்கெட் ஃபிரிட்ஜில் இருக்கும் பிராண்ட் பாக்கெட். பத்து நிமிடத்தில் கொண்டு வந்து தரும் செயலி. ஆறு மணிக்கு மேல் தோசை ஊற்றும் தள்ளுவண்டி. ரவை உப்புமா, சப்பாத்தி, காலையில் மிஞ்சிய சோறு.

பட்டியலில் பலர் விட்டுவிடுவது வீட்டு டேபிள் டாப் கிரைண்டரை. சொந்தமாக அரைக்கிற வீடுகள் அதிகம் உள்ள தெருவில் நீங்கள் சண்டை போடவேண்டியது எதிர்க்கடையோடு இல்லை, "கடை மாவு வயிற்றுக்கு ஆகாது" என்கிற மாமியாரோடு. அங்கே விலையைக் குறைத்துப் பிரயோஜனமில்லை. அரைப்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி கடையை அமைத்தால்தான் பேச்சு எடுபடும். இளம் தம்பதிகளும் வாடகை வீடுகளும் நிறைந்த தெரு என்றால் நிலைமையே வேறு. அங்கே போட்டி செயலியும் தள்ளுவண்டியும்தான்.

இரண்டாவது: நின்று பாருங்கள்

மாவு வாங்க யாரும் ஆட்டோ பிடித்து வரமாட்டார்கள். நடந்து வரும் தூரத்துக்குள் இருக்கும் கடைகளைப் பார்த்தால் போதும். ஊரிலுள்ள எல்லாக் கடையையும் பார்க்கக் கிளம்பினால் ஒரு மாதம் போய்விடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. மூன்று நான்கு கடை, அவ்வளவுதான்.

ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு ஞாயிறு காலை என்று தனித்தனியாகப் பாருங்கள். எத்தனை கவர் போகிறது என்று எண்ணுங்கள். யார் வாங்குகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். வேலை முடிந்து பைக்கில் வருகிறவர் பெட்ரோல் டேங்க் மேல் கவரை வைத்துக்கொண்டு போகிறாரா, பாத்திரத்தோடு வரும் பாட்டியா, பத்து கிலோ வாளியை நிரப்பிக்கொண்டு போகும் டிபன் கடைக்காரரா? வாளி ஆள் ஒருவர் இருந்தால் அந்தக் கடையின் கணக்கே அவர் மேல்தான் ஓடும். வெளியே தெரியும் சில்லறை வியாபாரம் அதற்கு மேல் வருகிற உபரி.

எண்ண முடியாவிட்டால் மூட்டையைப் பாருங்கள். தயாராகப் பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு அது பொருந்தவில்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை கடைகளுக்கு வந்தது. மாவுக் கடை வாசலில் மடித்துவைத்த காலி மூட்டைகளை வைத்து உற்பத்தியைக் கணக்கிட்டுவிடலாம். நாலுக்கு ஒன்று என்ற அளவில் உளுந்து சேர்த்து அரைத்தால், ஒரு கிலோ இட்லி அரிசிக்குத் தண்ணீரோடு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ மாவு வரும். ஆக ஒரு மூட்டை என்றால் சுமார் எழுபது கிலோ. தினமும் இரண்டு மூட்டை காலியாகிறது என்றால் அந்தக் கடை 140 கிலோ போடுகிறது. யாரிடமும் எதையும் கேட்காமல் கிடைத்த எண் இது. மூட்டை மூன்று நாள் சேர்ந்ததா ஒரு நாள் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவத்தையும் மறக்கக்கூடாது. சித்திரை வெயிலில் காலையில் அரைத்த மாவு மாலைக்குள் புளித்துப் பொங்கிவிடும். மார்கழியில் இரவெல்லாம் வைத்தாலும் எழும்பாது. நீங்கள் பார்க்கும் மாதத்தில் ஒரு கடை தடுமாறினால் அது கடையின் குறையா, வெயிலின் குறையா என்று பிரித்துப் பாருங்கள்.

மூன்றாவது: வாங்கி, எடை போட்டு, வேகவைத்துப் பாருங்கள்

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இந்த வேலைதான். ஆனாலும் முழுசாகச் செய்கிறவர்கள் குறைவு. ஒரே நாளில், ஒரே நேரத்தில், பார்த்த எல்லாக் கடையிலும் ஒரு பாக்கெட் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டிஜிட்டல் தராசில் வையுங்கள். ஒரு கிலோ என்று விற்பது 900 கிராம் இருக்கலாம். லிட்டர் கணக்கில் விற்கும் கடையில் இன்னும் கவனம் வேண்டும். புளித்துப் பொங்கிய மாவில் காற்று நிறைய. அளக்கும் பாத்திரம் நிறையும், எடை இருக்காது. 'அந்தக் கடை விலை குறைவு' என்று ஊர் பேசுவது பல சமயம் இந்தக் காற்றின் விலைதான். எல்லாவற்றையும் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று மாற்றி எழுதினால் உண்மையான விலைப்பட்டியல் கிடைக்கும். அது கடை போர்டில் இருப்பது போல இருக்காது.

அப்புறம் ஒவ்வொரு மாவிலும் பாதியை எடுத்து இட்லி ஊற்றுங்கள். மீதியை வெளியிலேயே வைத்து நாலு மணி நேரம், எட்டு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறதா, நிறம் மாறுகிறதா, மறுநாள் தோசைக்கு ஆகிறதா? இட்லி வெந்ததும் கிண்ணத்துக்கு எண் மட்டும் போட்டு, எந்தக் கடை என்று சொல்லாமல் வீட்டாருக்குக் கொடுங்கள். பெயரைச் சொல்லிக் கொடுத்தால் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். உங்கள் மாவும் அந்த வரிசையில் ஒரு எண்ணாக இருக்கட்டும். அது மூன்றாம் இடத்துக்கு வந்தால் மனசுக்குக் கஷ்டம்தான். கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்தது நல்லது.

பாக்கெட் மாவு என்றால் லேபிளையும் படியுங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, தேதி, புகார் எண் எல்லாம் சட்டப்படி இருக்கவேண்டும். பதினாலு இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணில் முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சிறிய அளவில் செய்பவருக்கான பதிவு. நாலாவது, ஐந்தாவது இலக்கங்கள் எந்த ஆண்டில் வாங்கியது என்று சொல்லும். 'பாரம்பரியமான' என்று அச்சடித்த பாக்கெட்டில் அந்த இலக்கங்கள் 23 என்று இருந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

நாலாவது: அவர் அடக்க விலையை நீங்கள் போடுங்கள்

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி கிலோ 50 ரூபாய். உளுந்து கிலோ 140 என்றால் கால் கிலோ 35. உப்பு, வெந்தயம் 3. மொத்தம் 88 ரூபாய்க்கு இரண்டே முக்கால் கிலோ மாவு வந்தால், கிலோவுக்குப் பொருள் செலவு 32 ரூபாய். எதிர்க்கடை கிலோ 45க்கு விற்கிறது. பக்கத்து மளிகைக் கடைகளுக்குப் போடும்போது கடைக்காரருக்கு 5 ரூபாய் போகும். ஆக 40 வந்து, 32 போய், 8 ரூபாய் நிற்கிறது. கவர், கரண்ட், ஆள் கூலி, வண்டி, விற்காமல் புளித்துத் திரும்பி வரும் ரிட்டர்ன் எல்லாம் இந்த எட்டுக்குள்தான்.

உங்கள் கடை வாடகை மாதம் 15,000 என்றால் நாளுக்கு 500. இந்த எட்டு ரூபாய் முழுவதையும் வாடகைக்கே கொடுத்தாலும் தினமும் 60 கிலோவுக்கு மேல் விற்கவேண்டும். அவர் எப்படி நடத்துகிறார்? கட்டடம் அவருடையதாக இருக்கும். அல்லது மாமனார், மனைவி, மகன் என்று குடும்பமே வேலை பார்க்கும், கூலி என்று தனியாக எழுதுவது இருக்காது. இல்லாவிட்டால் அந்த வாளிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எது என்று கண்டுபிடிக்கும்வரை 'அவர் 45க்குக் கொடுக்கிறார், நான் 40க்குக் கொடுப்பேன்' என்ற பேச்சையே எடுக்காதீர்கள். சொந்தக் கட்டடக்காரரோடு வாடகைக் கட்டடக்காரர் விலைச் சண்டை போட்டால் யார் முதலில் ஷட்டரை இறக்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்தாவது: காகிதத்தில் கிடைப்பது

தெருக்கடைக்கு இது பெரிதாக உதவாது. பிராண்ட் பாக்கெட்டோடு மோதப்போகிறீர்கள் என்றால் உதவும். ஜிஎஸ்டி தளத்தில் ஒரு எண்ணைப் போட்டால் பதிவான பெயர், பதிவு தேதி, ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார்களா என்பது தெரியும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், கம்பெனிகள் பதிவாளரிடம் அவர்கள் தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கை 100 ரூபாய் கட்டி யாரும் பார்க்கலாம். விற்பனை எவ்வளவு, நஷ்டத்தில் ஓடுகிறதா, கடன் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். நஷ்டத்தில் ஓடியும் முதலீட்டாளர் பணத்தில் விலையைக் குறைத்து விற்கும் கம்பெனியோடு விலையில் போட்டி போடுவது வேண்டாத வேலை. உங்கள் கடைக்குப் பெயர் வைக்கும் முன் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். போர்டு எழுதிய பிறகு வக்கீல் நோட்டீஸ் வாங்குவதைவிட இது சுலபம்.

கூகுள் மேப்பில் இருக்கும் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் வேகமாகத் தாண்டிவிடுங்கள். முதலாவதில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், இரண்டாவதில் அன்றைக்குக் கோபமாக இருந்தவர்கள். மூன்று நட்சத்திரம் போட்டவர் நிதானமாகச் சொல்லியிருப்பார்: "மாவு நல்லா இருக்கு, ஏழு மணிக்கு மேல் போனா கிடைக்காது." இப்படி ஒரே குறை பலர் வாயில் வந்தால் நோட்டில் எழுதுங்கள்.

ஆறாவது: ஏன் என்று கேளுங்கள்

இப்போது நோட்டில் எதிர்க்கடைகள் செய்யாத விஷயங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்திருக்கும். ஏழு மணிக்கு மேல் மாவு இல்லை. அரை கிலோ பாக்கெட் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தருவதில்லை. கம்பு, கேழ்வரகு மாவு இல்லை. மதியம் கடை சாத்தியிருக்கிறது. புதியவர் இதைப் பார்த்ததும் அத்தனையும் தனக்கான வாய்ப்பு என்று துள்ளுவார். கொஞ்சம் பொறுங்கள்.

ஏழு மணிக்கு மாவு தீர்ந்துவிடுவது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வது. பத்துப் பேரைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை, பத்துக் கிலோ மீந்து புளிக்கக்கூடாது என்று அனுபவத்தில் வைத்த கணக்கு அது. மதியம் கடை திறந்துவைத்தாலும் வாங்க ஆள் இல்லை. அந்த நேரத்தில்தான் மாலைக்கான அரைப்பும் நடக்கும், கிரைண்டரைக் கழுவும் வேலையும் நடக்கும். கிலோவுக்கு எட்டு ரூபாய் மிஞ்சுகிற பொருளை ஒரு கிலோ, ஒரு கிலோவாகப் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெட்ரோலுக்கே போய்விடும், அதனால் டெலிவரி இல்லை. கம்பு மாவை முன்பு போட்டுப் பார்த்திருப்பார், கேட்டவர்கள் வாங்கவில்லை என்று நிறுத்தியிருப்பார்.

அரை கிலோ பாக்கெட்? இதற்கு யோசித்தாலும் பெரிய காரணம் கிடைக்கவில்லை. கவர் செலவு கொஞ்சம் கூடும், கட்டும் வேலை இரட்டிப்பு, அவ்வளவுதான். தனியாக இருக்கும் முதியவர்களும் ரூம் எடுத்துத் தங்கும் பையன்களும் உள்ள தெருவில் ஒரு கிலோ மாவு வீணாகத்தான் போகும். அந்தக் கூடுதல் செலவுக்கு அவர்கள் இரண்டு மூன்று ரூபாய் தரத் தயங்கமாட்டார்கள். பன்னிரண்டில் இப்படி ஒன்று தேறினால் போதும், கடை போடலாம். ஒன்றுமே தேறவில்லை என்றால் அந்தத் தெருவில் போடாதீர்கள்.

காரணத்தைத் தெரிந்துகொள்ளச் சிறந்த வழி கேட்பதுதான். கூட்டமில்லாத நேரம் போய், "அண்ணே, இந்தப் பக்கம் மாவுக் கடை போடலாம்னு ஒரு யோசனை, எப்படி இருக்கு வியாபாரம்?" என்று நேராகவே கேளுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். பலர் புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள்: உளுந்து விலை, ஆள் கிடைக்காதது, பெல்ட் அறுந்த கிரைண்டர். புலம்பலில் பாதி உங்களைப் பயமுறுத்தத்தான். மீதிப் பாதி தங்கம். அரிசி மண்டிக்காரர், கவர் விற்பவர், கிரைண்டர் மெக்கானிக் ஆகியோரிடமும் பேசுங்கள். எந்தக் கடை கடனை இழுத்தடிக்கிறது, யார் புது மெஷின் விலை விசாரித்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஊர்க் கணக்கை உங்களிடம் சொல்கிறவர் உங்கள் கணக்கையும் ஊரில் சொல்வார். அளந்து பேசுங்கள்.

செய்யக்கூடாதவை சில உண்டு. அவர் ஆளுக்குப் பணம் கொடுத்து விஷயம் கறப்பது, பெரிய ஆர்டர் தருவதுபோல் நடித்து விலை வாங்குவது, பொய்யாக ஒரு நட்சத்திரம் போடுவது. எல்லாரும் ஒரே தெருவில்தான் இருக்கப் போகிறீர்கள், ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும்.

பெரிய ஆட்கள் செய்ததும் இதுதான்

ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் 13,000 ரூபாய் முதலோடு சென்னை ராயபுரத்தில் ஐஸ் தொழிலைத் தொடங்கினார். பின்னால் அருண் ஐஸ்கிரீம் ஆனது அதுதான். அன்றைக்குச் சென்னையில் ஐஸ்கிரீம் என்றால் பெரிய பெயர்கள் இருந்தன. அவர்களோடு நகரத்தில் முட்டிக்கொண்டே இருக்காமல், அவர்கள் எட்டிப் பார்க்காத வெளியூர்களுக்குச் சரக்கை அனுப்பினார். பெரிய கம்பெனிகள் ஏன் அங்கே போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது: உருகும் சரக்கை அவ்வளவு தூரம் கொண்டுபோவது தலைவலி. அந்தத் தலைவலியை ஏற்றுக்கொண்டதுதான் அவர் கண்ட இடம்.

சிக் ஷாம்புவின் கதை இன்னும் நுணுக்கமானது. கடலூரில் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதனுக்கு முதல் போட்டியே குடும்பத்தின் வெல்வெட் ஷாம்புதான். அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். போட்டியாளரின் வாடிக்கையாளர்களே தேடி வந்து அவர் ஷாம்புவை முயன்று பார்த்தார்கள். அது அவர்களுக்குப் பிடித்துப்போன பிறகு, சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். எனக்கு இதில் பிடித்தது வேறு. திரும்பி வந்த காலி பாக்கெட்டுகளைப் பிரித்து எண்ணினாலே எந்த ஊரில் எந்தப் பிராண்ட் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மாவுக் கடை வாசல் மூட்டையை எண்ணச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

கடை திறந்த பிறகு

நீங்கள் திறந்த அன்றே எதிர்க்கடையும் உங்களைப் படிக்கத் தொடங்கும். அவர் வீட்டுப் பையன் வந்து ஒரு பாக்கெட் வாங்கிப்போவான், கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் அரை கிலோ பாக்கெட் ஓடினால் மூன்றாவது மாதம் அவரும் போடுவார். அதற்குள் அந்த வாடிக்கையாளர்களின் பெயர், அவர்கள் வரும் கிழமை, புளிப்பு எவ்வளவு பிடிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். பாக்கெட்டை அவர் நகல் எடுக்கலாம், இதை எடுக்க அவருக்கு நாளாகும். அண்ணாச்சிக்கும் ஒரு பிடி இருக்கிறது என்பதையும் பாருங்கள். அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு வைத்திருக்கும் குடும்பம், பாக்கி முடியும்வரை மாவையும் அங்கேதான் வாங்கும். அவர்களை இழுக்க விலையைக் குறைத்துப் பார்க்காதீர்கள், வரமாட்டார்கள்.

தினமும் எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தால் சொந்த மாவு புளித்துவிடும். மாதம் ஒருமுறை அரைநாள் ஒதுக்கிப் பழைய நோட்டை எடுத்து, அதே கடைகளில் வாங்கி, அதே தராசில் நிறுத்து, பக்கத்தில் புது எண்ணை எழுதுங்கள். இடையில் அவர் திடீரென்று விலையைக் குறைத்தார் என்று யாராவது ஓடி வந்து சொன்னால் அன்றே நீங்களும் குறைக்காதீர்கள். ஒரு பாக்கெட் வாங்கி எடை பாருங்கள். எடை சரியாக இருந்தால் உளுந்தைக் குறைத்திருக்கிறாரா என்று ஒரு ஈடு இட்லி ஊற்றிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மண்டியில் அன்றைய உளுந்து விலையைக் கேட்டுவிட்டு, அப்புறம் உங்கள் கணக்கை எடுங்கள்.